மெல்போர்னிலிருந்து அன்னவாசலுக்கு

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அது புதுக்கோட்டை சாலையின் மேலேயே இருக்கிறது. உலகத்திலுள்ள பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இறங்கி வெளியே வந்தால் ஆறு வழிச் சாலையும் எட்டு வழிச் சாலையுமாகக் கிடக்கும். ஸைக்கிள்காரன் அங்கே தலை காட்ட முடியாது. இங்கேயோ, வாசலைத் தாண்டித் தெற்கே திரும்பி மிதிக்க ஆரம்பித்தால் போதும். மாத்தூர், கீரனூர், நார்த்தாமலை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். சுமார் 50 கிலோமீட்டரில் புதுக்கோட்டை வந்துவிடும். வழியில் மேடு என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. நடுநடுவே யானை படுத்திருப்பது போன்ற மொட்டைப் பாறைகள். மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் நிற்கும் கண்மாய்கள். சாலையோரத்துப் புளிய மரங்கள். இவ்வளவுதான்.

இந்த விசேஷத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவன் என் மைத்துனன். அவன் மெல்போர்னில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறை கிடைத்தால் ஸைக்கிளை எடுத்துக்கொண்டு மலை மலையாய்ச் சுற்றுகிறவன். அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்து, தை பிறந்ததும் நான் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. "அத்தான், இந்தத் தடவை நானும் வருகிறேன். இரண்டு ஸைக்கிளையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போவோம். விமானத்தை விட்டு இறங்கி அங்கேயே பூட்டி, நேரே அம்மாவின் வீட்டு வாசலில் போய் மணியடிப்போம்" என்றான். எனக்கென்று ஒரு பழைய ஸைக்கிளையும் அங்கேயே வாங்கித் தந்தான்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை பிற்பகல் மெல்போர்னில் ஏறி, கீழ்த்திசை நகரம் ஒன்றில் விமானம் மாறி, அன்று நள்ளிரவுக்குள் திருச்சியில் இறங்குவது. வெள்ளிக்கிழமை விடியும்போது மிதிப்பது. சனிக்கிழமை நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரத்தையும் குடுமியான்மலையில் சங்கீதக் கல்வெட்டையும் பார்ப்பது. ஞாயிறு காலை அம்மாவோடு சித்தன்னவாசல் போவது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. அம்மா என்று அவன் சொன்னது என் மாமியாரை. அவருக்கு 62 வயது. அன்னவாசலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். இன்றைக்கும் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் ஸைக்கிளில்தான் போய் வருகிறார். ஆனால் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. திங்கட்கிழமை திருச்சியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மூட்டை மாற்றுவதாக ஏற்பாடாகியிருந்தது. அதன் பிறகு பல மாதங்கள் ஸைக்கிளைத் தொடக் கூடாது என்பது வைத்தியர் கட்டளை. மைத்துனனுக்கோ அடுத்த விடுமுறை ஒரு வருஷத்துக்கு அப்பால். ஆகையால், தாயும் பிள்ளையும் சேர்ந்து ஸைக்கிள் விடுவதற்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

ஸைக்கிளைப் பெட்டியில் அடைப்பது ஒரு கலை. முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கைப்பிடியைத் திருப்பி மடக்க வேண்டும். மிதிக்கட்டைகளைக் கழற்ற வேண்டும். அதில் இடப்பக்கத்துக் கட்டை மற்ற மறைகளுக்கு நேர் விரோதமாய், வலப்பக்கம் திருகினால்தான் கழலும். டயரில் காற்றை இறக்க வேண்டும் என்பது விமானக் கம்பெனிகளின் வழக்கமான விதி. சாமான் அறையிலும் காற்றழுத்தம் உண்டு. ஆகவே டயர் வெடித்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு. ஆனாலும் விதி விதிதானே! எல்லாம் ஆன பிறகு, "இது அளவுக்கு மீறிய சாமான், தனி வாசலுக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லித் தனிக் கட்டணமும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி முதன்முதலாக இயந்திர விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள், அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் ஸைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுடைய விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியதே ஸைக்கிளுக்கு இருப்பது போன்ற பல்சக்கரமும் சங்கிலியுந்தான். ஸைக்கிள் கடையில் பிறந்த குழந்தை வளர்ந்து பெரிய மனிதனாகி, இப்போது பிறந்த வீட்டாரைப் பார்த்து, "நீங்கள் யார்? பின் வாசல் வழியாக வாருங்கள்" என்கிறது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பவேண்டிய விமானம் மூன்றரை ஆகியும் கிளம்பவில்லை. பலகையில் முதலில் "ஒரு மணி நேரம் தாமதம்" என்று எழுதினார்கள். பிறகு இரண்டு மணி என்று மாற்றினார்கள். பிறகு நேரத்தையே எடுத்துவிட்டு, "அறிவிப்புக்குக் காத்திருக்கவும்" என்று போட்டார்கள். கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனிகளுக்கும் இப்படி ஒரு நாள் வந்து சேருகிறது.

தாமதத்துக்குக் காரணம் கேட்டால், அது ஒரு சங்கிலியாக இருக்கிறது. ஒரே விமானம் நாளெல்லாம் ஊர் ஊராய்ப் போய்த் திரும்புகிறது. காலையில் எங்கேயோ மூடுபனியில் நின்ற ஒரு மணி நேரம், மாலையில் வேறொரு கண்டத்தில் வேறு ஜனங்களின் தலையில் வந்து விடிகிறது. எங்கள் விமானம் அப்படித்தான் பிந்தி வந்தது. வந்த பிறகு ஒரு உறுப்பை மாற்றவேண்டும் என்றார்கள். மாற்றி முடிப்பதற்குள், விமானிகள் ஒரே மூச்சில் இத்தனை மணி நேரந்தான் வேலை செய்யலாம் என்ற சட்டப்படியான எல்லை நெருங்கிவிட்டது. வேறு விமானிகளைத் தேடி அழைத்து வந்தார்கள். இந்தச் சட்டத்தை நாம் குறை சொல்வதற்கில்லை. தூங்கி வழிகிற விமானியோடு நேரத்தில் கிளம்புவதைவிட, விழித்திருக்கிற விமானியோடு பிந்திக் கிளம்புவதே உசிதம். ஆனால் இந்த நியாயமெல்லாம், கையில் உணவுச் சீட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவதில்லை. அந்தச் சீட்டுக்குக் கிடைத்த ரொட்டியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

நம் தேசத்தில் டாடாவின் விமானத் தபால் தொடங்கிய கதையை அப்போது நினைத்துக் கொண்டேன். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை இயந்திர விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு வந்தார். அகமதாபாதில் அவருக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் தபாலை வாங்கிக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். மாட்டு வண்டியை நம்பிய விமானங்கள் போய்ச் சேர்ந்தன. எண்ணற்ற கம்ப்யூட்டர்களை நம்பிய எங்கள் விமானம் இரவு ஒன்பதரைக்குத்தான் தரையை விட்டது.

எட்டு மணி நேரம் பறந்து, பின்னிரவு இரண்டரைக்குக் கீழ்த்திசை நகரத்தில் இறங்கியபோது திருச்சி விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்து இடம் இருந்தது சனிக்கிழமை இரவுதான். அதாவது சுமார் 40 மணி நேரம். மைத்துனன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. "ஞாயிறு இருக்கிறதே" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. ஊருக்கு டெலிபோன் செய்தான்.

"வர்றப்போ வாங்க, தம்பி. வானத்திலே அவசரப்படுத்தாதே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ப்ளேன் நம்ம தலைக்கு மேலேயே சுத்திக்கிட்டு இருந்துச்சே, நான் பார்த்தேன்" என்றார் அத்தை.

அவர் சொன்னது மெய்தான். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஒன்றில் ஏறியவுடனேயே ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. நிறைந்த எண்ணெயோடு கனமாக இறங்குவது அபாயம் என்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளின் வானத்தில் வட்டமிட்டு எண்ணெயைச் செலவழித்தார்கள். சுமார் 140 பேர் அதில் இருந்தார்கள். இரவு எட்டே கால் மணிக்குப் பத்திரமாய் இறங்கியது. ஷார்ஜா போகவேண்டியவர்கள் அன்று திருச்சி மண்ணையே மறுபடி மிதித்து, அதற்காகத் தங்கள் தெய்வங்களுக்கு நன்றி செலுத்தினார்கள்.

புதுக்கோட்டைக்கும் மெல்போர்னுக்கும் பழைய சம்பந்தம் ஒன்று இருப்பதை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மகாராஜா 1915-இல் அந்த மெல்போர்ன் நகரத்திலேதான் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்துகொண்டார். தம்பதிகள் புதுக்கோட்டைக்கு வந்தது கப்பலில். ஆங்கில சர்க்கார் அந்த விவாகத்தை அங்கீகரிக்க மறுத்தது. அடுத்த ஆண்டே அவர்கள் சமஸ்தானத்தை விட்டுப் போகும்படி ஆயிற்று. வாரக் கணக்கில் கடலில் மிதந்து வந்தவர்களுக்கு எங்கள் 40 மணி நேரம் ஒரு பொருட்டாகத் தோன்றியிராது. ஆனால் மகாராஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரவேண்டிய நிர்ப்பந்தம் இருக்கவில்லை.

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் திருச்சியில் இறங்கினோம். 2024-இல் திறக்கப்பட்ட புதிய நிலையக் கட்டடம் விசாலமாயும் அழகாயும் இருக்கிறது. அதன் சாமான் சுழல்மேடையும் விசாலமானது. அதில் எல்லாருடைய பெட்டிகளும் வந்தன. எங்கள் ஸைக்கிள்கள் வரவில்லை.

நீளமான பெட்டிகள் இப்படிப் பின்தங்குவது அபூர்வமல்ல. விமானம் மாறும்போது, கைக்கு அடங்கின சாமான்கள் முதலில் ஏறுகின்றன; தனி வாசல் சாமான் தனியாகவே நின்றுவிடுகிறது. அந்தச் சமயத்தில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே கம்பெனியாரிடம் புகார் எழுதிக் கொடுத்து, அதற்கு ஓர் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியலில் செய்த சர்வதேச ஒப்பந்தத்தில் 2009-இல் இந்தியாவும் சேர்ந்தது. அதன்படி, வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் சாமான் வராவிட்டால் அது தொலைந்ததாகவே கருதி நஷ்ட ஈடு கேட்கலாம். தாமதமாய் வந்து சேர்ந்தாலும், கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட்டால் உரிமை உண்டு. நாங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு வாடகை மோட்டாரில் ஏறினோம். எந்தச் சாலையில் மிதித்துப் போகவேண்டுமென்று இரண்டு மாதம் பேசினோமோ, அந்தச் சாலை இருட்டில் கண்ணாடிக்கு வெளியே ஓடிற்று. கீரனூர் எப்போது வந்தது, எப்போது போயிற்று என்பதே தெரியவில்லை.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வாங்க மாப்பிள்ளை" என்று என்னை வரவேற்றுவிட்டு, அத்தை பிள்ளையின் கைகளைப் பார்த்தார். "வண்டி எங்கே?" என்றார்.

இங்கே சற்று நின்று, அந்த அம்மாள் ஸைக்கிள் கற்றுக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும். அது அவர் ஒருவருடைய கதை அல்ல. 1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு, தொண்டர்கள் கிராமம் கிராமமாய்ப் போய்ச் சம்பளமின்றிக் கற்றுக் கொடுத்தார்கள். தொண்டர்களில் பெருவாரியானவர் பெண்கள். வகுப்போ அந்தி சாய்ந்த பிறகு. பக்கத்து ஊருக்குப் போகப் பஸ் இல்லை. இருந்தாலும் வருவது நிச்சயமில்லை. தகப்பனையோ, புருஷனையோ, தம்பியையோ ஸைக்கிளில் கொண்டுவிடச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அவன் மனம் வைத்தால் பாடம் நடக்கும்.

அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் தாங்களே ஸைக்கிள் விடக் கற்பதையும் அறிவொளியின் ஓர் அங்கமாகவே அவர் ஆக்கினார். எழுத்தறிவு என்றால் ஸைக்கிளும் அதில் சேர்த்தி! இந்த யோசனையைக் கேட்டு அந்த நாளில் சிரித்தவர்கள் பலர். ஸைக்கிள் வாங்குவதற்குத் தொண்டர்களுக்குக் கடன் வசதி செய்து கொடுக்கப்பட்டது. ஊர் மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி நடந்தது. வயல்வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் உழைக்கிறவர்கள், பள்ளி ஆசிரியைகள், தாதிகள், எல்லாரும் வந்தார்கள். விழுந்தார்கள், முழங்காலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏறினார்கள். தெருவில் கேலி பேசினவர்களுக்குக் குறைவில்லை. 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய ஸைக்கிள்களில் மணி ஒலிக்கப் புதுக்கோட்டை நகரத்தின் வீதிகளில் ஊர்வலம் வந்தபோது, கேலி பேசினவர்கள் ஓரத்தில் ஒதுங்கி வழி விட்டார்கள்.

பெண்கள் ஸைக்கிள் கடைகளில் போதவில்லை. அதனால் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். பிறகு அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. காரணம், ஆசனத்திலிருந்து கைப்பிடி வரையில் போகிற அந்தக் குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாம். முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம் அல்லது விளைபொருள் மூட்டை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண். இந்தக் காட்சியை அந்த ஜில்லாவில் அப்போது எங்கும் காணலாமாயிற்று. பஸ்ஸுக்காகக் காத்து வீணான பொழுது மிச்சமாயிற்று. ஒரு சந்தையில் விலை போகாவிட்டால் இன்னொரு சந்தைக்குப் போக முடிந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஹிந்தி வடிவத்தை, வடநாட்டுக் குழந்தைகள் பல்லாண்டு காலம் எட்டாம் வகுப்புப் பாடமாகப் படித்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதே புதுக்கோட்டையிலேதான் முத்துலக்ஷ்மி ரெட்டி 1886-இல் பிறந்தார். பையன்களுக்கென்று இருந்த மகாராஜா கலாசாலையில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதா என்று ஊரே கிளம்பியபோது, மகாராஜாவின் அநுமதி அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு பெண்ணுக்கும் ஊர்வலம் வந்த அந்த 1,500 பேருக்கும் இடையில் நூறு வருஷத்துக்குச் சற்றுக் குறைவுதான்.

என் மாமியார் அந்த ஊர்வலத்தில் போனார். அப்போது அவருக்கு 28 வயது. குறுக்குக் கம்பியில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுப் பயல்தான் இப்போது மெல்போர்னிலிருந்து வெறுங்கையோடு வந்து வாசலில் நிற்கிறான்!

ஞாயிறு காலை ஐந்தரைக்கு அவர் எங்களை எழுப்பினார். அதற்குள் அண்டை வீடுகளில் சொல்லி இரண்டு வண்டிகள் திரட்டிவிட்டார். ஒன்று எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் பதினோராம் வகுப்பில் சர்க்கார் இலவசமாய்க் கொடுத்தது. இன்னொன்று பால்காரருடையது, அவர் ஏழு மணிக்குள் பால் ஊற்றி முடித்துவிட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பெண்ணின் வண்டி மைத்துனனுக்கு வாய்த்தது. அதன் ஆசனத்தை எவ்வளவு உயர்த்தியும் அவன் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. ஆஸ்திரேலிய மலைகளில் ஏறியிறங்கின வீரனைப் பார்த்துத் தெருக் குழந்தைகள் சிரித்தன. பால்காரர் வண்டி என்னுடையது. அதற்குப் பிரேக் ஒரு பக்கந்தான்.

அத்தை தம் பழைய வண்டியை வெளியே எடுத்தார். வலக்காலைத் தூக்கிப் போட முடியவில்லை. திண்ணைக் கல்லின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து மெள்ள ஆசனத்தில் உட்கார்ந்தார். "பிடிக்கட்டுமா அம்மா?" என்று மைத்துனன் கிட்டே போனான். "தள்ளி நில்லு, தம்பி. கிட்ட வந்தா ரெண்டு பேரும் விழுவோம்" என்றார். ஒரு முறை மணியை அடித்துவிட்டுப் புறப்பட்டார். நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முகம் சுளிக்கிறவர், வண்டியில் ஏறிய பிறகு சுளிக்கவில்லை. உடம்பின் பாரம் ஆசனத்தின் மேல் விழுவதால் ஸைக்கிளில் மூட்டு வலி குறைவாய்த் தெரியும் என்று பின்னால் வைத்தியரே சொன்னார்.

பனி இன்னும் விலகவில்லை. கண்மாய்க் கரையில் கொக்குகள் நின்றன. வேகம் அவருடைய வேகந்தான். முன்னால் அவர், பின்னால் பிள்ளை, கடைசியில் பிரேக் இல்லாத நான். எதிரே வந்தவர்களெல்லாம் அவரை நிறுத்தி, "ஆப்பரேசன் எப்போ?" என்று கேட்டார்கள். இதனால் வெகு தூரம் இல்லாத சித்தன்னவாசலுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்தைப் பற்றி எங்களில் ஒருவரும் வருத்தப்படவில்லை.

சித்தன்னவாசல் பாறையின் ஒரு பக்கத்தில் சமணக் குகைக் கோயில். அதன் விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் யானையும் அன்னமும் பூப்பறிக்கும் மனிதர்களும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. மற்றொரு பக்கத்தில், செங்குத்துப் பாறையில் வெட்டிய படிகளைப் பற்றிக்கொண்டு போனால் ஏழடிப்பட்டம். அங்கே முனிவர்கள் படுத்துத் தவம் செய்த பதினேழு கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. அந்த எழுத்துக்கு வயது இரண்டாயிரத்துக்குக் குறையாது. அத்தை மேலே வரவில்லை. "நான் நூறு தடவை பார்த்தாச்சு. அறிவொளிப் பிள்ளைகளைக் கூட்டியாந்து, அந்த எழுத்தைக் காட்டி, இதுவும் தமிழ்தான்னு சொல்லியிருக்கேன். நீங்க போங்க மாப்பிள்ளை" என்று மரத்தடியில் மூன்று வண்டிகளுக்கும் காவலாக உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறு நாள் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. புதன்கிழமை விமானக் கம்பெனியிலிருந்து பெட்டிகள் வந்தன. ஒன்றில் மூலை நசுங்கியிருந்தது, உள்ளே சேதமில்லை. வியாழன் மாலை மைத்துனன் தன் ஸைக்கிளைப் பூட்டி, திருச்சிக்கு மிதித்துப் போய், ஆஸ்பத்திரி முற்றத்தில் ஜன்னலுக்கு நேரே நிறுத்தினான். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அத்தை ஜன்னலண்டை வந்து நின்றார். வெகு நேரம் பார்த்தார். கரும்பச்சை நிறம், பூப்போல இலேசு, இருபத்திரண்டு பற்சக்கர வேகம் என்று அவன் கீழேயிருந்து விவரித்துக்கொண்டே இருந்தான்.

"எல்லாம் சரிதான், தம்பி. குறுக்குக் கம்பி இப்படிச் சரிஞ்சிருக்கே, புள்ளையை எங்கே உக்கார வைப்பே?" என்றார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் கோட்டை வரையில் போய் வந்தோம். போக 20 கிலோமீட்டர், வர 20. மறு நாள் இரவு மைத்துனனுக்குத் திரும்பும் விமானம். அது குறித்த நேரத்துக்குக் கிளம்பிற்று.